விலாசம் தவறிய வேண்டுதல்

ஜூன் 15, ஞாயிறு

அத்தை வருகிறாள். வெள்ளிக்கிழமை ரயிலில், கலாட்ஸிலிருந்து நேராக இங்கே சுச்சாவாவுக்கு.

"மடங்களுக்கெல்லாம் ஒரு சுத்து போகணும்டி தோரா. வொரோனெட்ஸ், சுசெவிட்சா, அப்புறம் இருபத்துநாலாந்தேதி உங்க ஊர்ப் புனிதர் திருநாள். எல்லாம் உனக்காகத்தான்."

எனக்காகவா? நான் எப்போது கேட்டேன்?

"ஒரு புள்ளைக்காக. நாப்பத்தொண்ணு ஆனா என்ன? பைபிள்ல தொண்ணூறுல பெத்தவளே இருக்கா."

சரி அத்தை என்றேன். வேறு என்ன சொல்ல? உங்கள் மகனுக்கும் எனக்கும் போன வருடமே விவாகரத்து ஆகிவிட்டது, இத்தாலிக்கு வேலைக்குப் போனவன் அங்கே டூரினில் லோரேதானா என்பவளோடு குடித்தனம் நடத்துகிறான், அவளுக்கு இப்போது ஏழாவது மாதம் என்றா? அத்தைக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்த சமயம்தான் தீர்ப்பு வந்தது. "அம்மா தேறட்டும், நானே சொல்றேன்" என்றான் திபி. அம்மா நன்றாகவே தேறிவிட்டாள். படியில் இரண்டிரண்டாகத் தாவுகிறாளாம். அவன்தான் இன்னும் சொல்லவில்லை.

ஆக, வேண்டுதல் ஏற்கெனவே பலித்துவிட்டது. விலாசம்தான் தவறிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

திபிக்குப் போன் செய்தேன். "ஒரு வாரம்தானே தோரா, சமாளிச்சுடேன். உனக்குத்தான் அம்மாவை ஹேண்டில் பண்ணத் தெரியும்" என்கிறான். பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியபோது வராத பாராட்டு.

லோரேதானா எந்த ஊர் தெரியுமா? ராடவுட்ஸ். இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம். டூரின் வரைக்கும் போய்ப் பக்கத்து ஊர்க்காரியைப் பிடித்திருக்கிறான்.

ஜூன் 19, வியாழன்

வீட்டைப் 'புருஷன் பெண்டாட்டி வீடாக' மாற்றும் வேலை. திபியின் பழைய செருப்பு ஒன்று கிடைத்தது. ஒன்றுதான். கட்டிலுக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வைத்தேன். கல்யாணப் படம் பால்கனியில் இருந்தது, ஊறுகாய் ஜாடிக்கு அடியில். துடைத்து மாட்டினேன். திபியின் முகத்தைச் சுற்றி ஜாடியின் வட்டம் மட்டும் போகவில்லை. புனிதர் படத்து ஒளிவட்டம் மாதிரி இருக்கிறது. போகட்டும்.

அப்போஸ்தலர் நோன்பு வேறு. இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. அத்தை குளிர்சாதனப் பெட்டியைச் சோதனை போடாமல் இருக்க மாட்டாள். சாசேஜ்களைப் பையில் கட்டி வாஷிங் மெஷினுக்குள் ஒளித்துவைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

வந்துவிட்டாள். பரஸ்கிவா, அறுபத்தெட்டு வயது, கலாட்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவள். உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களுக்குக் கத்திக் கத்தி, இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நாற்பது மீட்டர் தள்ளி நிற்பவரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். ரயில் நிலையத்தில் என்னைக் கண்டதும் "இளைச்சுட்டே! அவன் பணம் அனுப்புறானா இல்லையா?" என்றாள். ஒரு பிளாட்பாரமே எனக்காக வருத்தப்பட்டது.

வீட்டுக்குள் வந்ததும் படத்துக்கு முன்னால் நின்றாள். உற்றுப் பார்த்தாள். போய்க் காளானை உள்ளே வைத்துச் சுருட்ட முட்டைக்கோஸ் இலைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஜூன் 21, சனி, காலை

நான் எழுவதற்குள் அத்தை என் துணியையெல்லாம் துவைத்துவிட்டாள். சாசேஜோடு. அறுபது டிகிரியில்.

"நல்லா வெந்திருக்கு. நோன்பு முடிஞ்சதும் சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதே நாள், மாலை

வொரோனெட்ஸ். இரண்டு பேருந்து நிறைய ஜெர்மன்காரர்கள். எல்லோரும் மடத்துச் சுவர் ஓவியங்களின் பேர்போன நீலத்தைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை நேராக மேற்குச் சுவருக்குப் போனாள். அங்கே கடைசித் தீர்ப்பு ஓவியம். நடுவிலிருந்து கீழே ஓடுகிற நெருப்பு ஆறு, அதில் தலைகீழாகப் போகிற பிஷப்புகள், சுல்தான்கள்.

"யாரு வரைஞ்சானோ, சண்டைக்காரன்" என்றாள். "பிடிக்காதவன் மூஞ்சியையெல்லாம் ஆத்துல போட்டுட்டான். எனக்குச் சுவரு கெடைச்சா எங்க ஃபோர்மேனைப் போட்டிருப்பேன்."

ஜெர்மன் வழிகாட்டிப் பெண்ணுக்கு மொழி புரியும் போல. சிரிப்பில் தோள் குலுங்கியது.

அதன் பிறகுதான் வினை. உள்ளே இருந்த பாதிரியாரிடம் அத்தை ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறாள். மண்டியிடச் சொல்லி, அவருடைய நீண்ட கழுத்துப் பட்டையை என் தலைமேல் போட்டு, குழந்தை வரத்துக்கான ஜெபத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டார். உள்ளே இருட்டு. தூபமும் நாப்தலின் உருண்டையும் கலந்த வாசனை. "உமது அடியாள் மினோதோராவுக்கும் அவள் கணவன் திபேரியுவுக்கும்..." எந்தக் கணவன்? சிரிப்பு வந்தது. அடக்கினேன். அடக்க அடக்க வேறு ஏதோ வந்தது. மூன்றாவது முறை கரு கலைந்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. அன்றைக்கு மறுநாளே டியூட்டிக்குப் போய், யார் யாருடைய விலா எலும்பையோ எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன்.

பட்டையை எடுத்தபோது பாதிரியார் பயந்துபோய் என்னைப் பார்த்தார். ஜெபம் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்து அவர் பார்த்ததில்லை போல.

அத்தை கைக்குட்டை கொடுத்தாள். கார் வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பயமா? இல்லை — சொன்னால் இந்தக் கை போய்விடும். அதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

சுசெவிட்சாவுக்குப் போனோம். கோட்டை மாதிரி மதில், நாலு மூலையிலும் கோபுரம். வாசல் தாண்டி ஓரிடத்தில் வளைவின் கீழே கறுப்புக் கல்லில் ஒரு பெண்ணின் தலை. முப்பது வருடம் மாட்டு வண்டியில் கல் இழுத்து இந்த மடத்தைக் கட்ட உதவியவள் என்று கதை.

"முப்பது வருசமா?" என்றாள் அத்தை. "நானும்தான் முப்பது வருசம் தூக்கினேன். எனக்கு எவன் தலை செதுக்கினான்? ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தானுங்க. அதுவும் ஓடல."

அப்போது என் போன் அடித்தது. திபி. எடுத்தால் அழுகிறான். குழந்தை பிறந்துவிட்டது, முந்திக்கொண்டு. பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. "தோரா, அம்மாகிட்ட நீயே சொல்லிடேன். எனக்குத் தைரியம் இல்ல. அம்மாவை ஜெபம் பண்ணச் சொல்லு. ப்ளீஸ்."

ச்சே! என்ன மனுஷன் இவன்? பொண்டாட்டியா இருந்தப்பவும் எல்லாத்தையும் நான்தான் சொல்லணும், இப்பவும் நான்தான் சொல்லணுமா? அவன் இன்னொருத்திகிட்ட பெத்த புள்ளைக்கு நான் தூது போகணுமா? வைத்துவிட்டேன்.

அத்தை வடக்குச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள். சொர்க்கத்துக்குப் போகும் ஏணி ஓவியம். ஒரு பக்கம் தேவதைகள் வரிசையாக, ஒழுங்காக. மறு பக்கம் படியிலிருந்து வழுக்கி விழுகிறவர்களைக் காலைப் பிடித்து இழுக்கும் குட்டிப் பிசாசுகள்.

"ஒருத்தனுக்காவது கீழ வலை கட்டியிருக்கானா பாரு. பாதுகாப்புன்னா என்னன்னே தெரியாதவனுங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். "யாரு செத்தா?"

"யாரும் சாகல அத்தை."

சொன்னேன். எல்லாவற்றையும். வரிசை தப்பி — முதலில் குழந்தை, பிறகு லோரேதானா, கடைசியில் விவாகரத்து. புல்வெளியில் நின்று. ஒரு மயில் கலர் சட்டைக்காரர் தன்னைப் படம் எடுக்கச் சொல்லி எங்களிடம் போனை நீட்டினார். அத்தை பார்த்த பார்வையில் போனோடு நகர்ந்துவிட்டார்.

நான் அவளுடைய மார்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய இதய மாத்திரை என் கையில் தயாராக.

"எடை எவ்வளவு?" என்றாள்.

"என்னது?"

"கொழந்தை. எடை எவ்வளவு?"

"ஒண்ணே முக்கால் கிலோ இருக்குமாம்."

"ம். தாங்கும்." கிரேன் ஓட்டியவளின் கணக்கு. "உனக்கும் அவனுக்கும் ஏதோ அறுந்துபோச்சுன்னு வந்த அன்னிக்கே தெரியும்டி. அவன் மூஞ்சில ஊறுகா ஜாடி உக்காந்திருந்திருக்கு. ஆனா புள்ள வரைக்கும் போயிருப்பான்னு நெனைக்கல."

"தெரிஞ்சுமா என்னை அந்தப் பட்டைக்கடியில தள்ளினீங்க?"

"சேர்த்து வைக்கலாம்னு பாத்தேன். கெழவிக்கு வேற என்ன வேலை?"

பிறகு மெழுகுவர்த்தி வாங்கினாள். மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடத்தில் இரண்டு தட்டு இருக்கும். ஒன்று உயிரோடு இருப்பவர்களுக்கு, ஒன்று இறந்தவர்களுக்கு. முதல் தட்டில் ஒன்று ஏற்றினாள். "கொழந்தைக்கு." இன்னொன்று. "உனக்கு." யோசித்துவிட்டு மூன்றாவது. "அந்தப் பொண்ணுக்கு. அது என்ன பண்ணும், பாவம், பச்சை உடம்பு." நாலாவதை எடுத்துக்கொண்டு போய் இறந்தவர்கள் தட்டில் குத்தினாள். "இது திபிக்கு."

"அத்தை! அவன் உயிரோட இருக்கான்."

"எனக்கு இல்ல."

நான் பிடுங்கி இந்தப் பக்கம் நட்டேன். அவள் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டாள். மறுபடி நான். மெழுகு விரலைச் சுட்டது. கறுப்பு அங்கி போட்ட கன்னிகாஸ்திரி ஒருத்தி ஓடிவந்தார். "அம்மா, அம்மா, என்ன பண்றீங்க? இது செத்தவங்களுக்கு!"

"தெரியும் தாயே. எழுத்து படிக்கத் தெரியும்."

"இறந்தவர் யாரு?"

"என் மகன்."

"ஐயோ பாவம். எப்ப?"

"இப்பதான். அரை மணி நேரம் ஆச்சு. போன்ல."

கன்னிகாஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், எதற்கென்று எனக்கே தெரியாமல். அவர் அந்த மெழுகுவர்த்தியை எடுத்து, ஊதி அணைத்து, அத்தையின் கையில் திருப்பிக் கொடுத்தார். "கோபம் தணிஞ்சப்புறம் வந்து ஏத்துங்கம்மா. எந்தத் தட்டுன்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம்."

காரில் ஏறி மதில் வளைவைத் தாண்டினோம். அப்புறம் அத்தைதான் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்து, அது அழுகையாகி, காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

ஜூன் 23, திங்கள்

திபியோடு அத்தை பேசினாள். கதவைச் சாத்திக்கொண்டுதான். ஆனாலும் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும். நடுவில் ஒரு வாக்கியம்: "உன் பொண்டாட்டி வாயால எனக்குச் சேதி சொல்ல வெச்சியே, நீ ஆம்பளையாடா?" எந்தப் பொண்டாட்டி என்று அவன் கேட்டிருக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

திருநாள். எங்கள் மால்டேவியாப் பகுதியில் பாதிப் பேர் இந்த ஊரில்தான் இருந்தார்கள். புனிதர் யோவானின் எலும்புகள் இருக்கும் பேழையைத் தொட வரிசை பூங்காவைச் சுற்றிக்கொண்டு போனது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நான் எலும்பு பார்த்துப் பிழைப்பவள். தினமும் அறுபது பேருடைய எலும்பைப் பார்க்கிறேன். ஒன்றும் யாருக்கும் வரம் கொடுத்ததில்லை.

ஆனாலும் நின்றேன். வெயிலில், அத்தைக்குக் குடை பிடித்துக்கொண்டு. முன்னால் நின்ற அம்மாள் மடக்கு நாற்காலி, வெள்ளரிக்காய், பேரன் பரீட்சையில் தோற்ற கதை எல்லாம் கொண்டுவந்திருந்தாள். "நீங்க யாருக்காக?" என்று கேட்டாள்.

"ஒரு கொழந்தைக்காக" என்றேன்.

"உங்களுதா?"

"இல்ல."

அவள் ஒரு வெள்ளரிக்காயை உடைத்துப் பாதியைக் கொடுத்தாள்.

பேழைக்குப் பக்கத்தில் போனபோது என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. பழக்க தோஷம், கடைசியில் "மூச்சை இழு, விடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் குழந்தைக்குத்தான்.

ஜூலை 2, புதன்

குழந்தைக்கு வைத்திருந்த மூச்சுக் கருவியை எடுத்துவிட்டார்களாம். தானாகவே மூச்சு விடுகிறது.

புனிதரா, இத்தாலிக்கார டாக்டர்களா என்று அத்தையிடம் கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட் போட்டிருப்பாங்க" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

அத்தை இன்னும் இங்கேதான். "அடுத்த வாரம் போறேன்" என்பது மூன்றாவது தடவை. குறட்டை. டிவி சத்தம். என் பால்கனியில் தக்காளிச் செடி. மேல் வீட்டுக்காரனைத் திட்டி அவனுடைய தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வைத்துவிட்டாள். நான் நாலு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த குழாய்.

ஆகஸ்ட் 20, புதன்

அத்தை டூரினுக்குப் புறப்பட்டுவிட்டாள். முதல் விமானப் பயணம். "இதைவிட உயரத்துல காத்துல ஆடிக்கிட்டே வேலை பாத்திருக்கேன்" என்று விமான நிலையத்தில் எல்லோரிடமும் சொன்னாள். அது பொய்.

நான்தான் போகச் சொன்னேன். "லோரேதானாவுக்கு ஒத்தாசைக்கு யார் இருக்கா? அவ அம்மா இல்லாதவ" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீயும்தான்" என்றாள்.

வீடு அமைதி. அமைதி இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

செப்டம்பர் 14, ஞாயிறு

திபி பேசினான். ஞானஸ்நானம் ராடவுட்ஸில் வைக்கிறார்களாம். நான் ஞானத்தாயாக இருக்க வேண்டுமாம், அம்மாவின் ஆசையாம்.

முடியாது என்றேன். நான் என்ன தியாகச் சிலையா? வருகிறேன், சாப்பிடுகிறேன், பரிசு கொடுக்கிறேன். அதற்கு மேல் கேட்காதே. பன்னிரண்டு வருடத்தில் அவனிடம் 'முடியாது' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. இரண்டாவது முறையும் சொன்னேன், சும்மா.

அரை மணி கழித்து லோரேதானாவே கூப்பிட்டாள். முதல் முறையாக அவள் குரலைக் கேட்கிறேன். "நீங்க மாட்டேன்னு சொன்னது சரிதான்க்கா. நானா இருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா வந்துடுங்க. அத்தை என்னைத் தூங்க விட மாட்டேங்கிறாங்க" என்றாள். கொஞ்சம் சிரித்துவிட்டேன். அவளை வெறுப்பது கஷ்டம். அதுவே எரிச்சல்.

அக்டோபர் 12, ஞாயிறு

ராடவுட்ஸ். குழந்தையைத் தொட்டியில் முக்கியெடுத்தபோது அது போட்ட கூச்சலில் பாதிரியார் ஜெபத்தை மறந்துவிட்டார். அத்தையின் குரல் அப்படியே வந்திருக்கிறது. பெயர் இலேயானா. அம்மாவின் பெயரையே, பரஸ்கிவா என்று வைக்கலாமா என்று திபி நைசாகக் கேட்டதற்கு, அத்தை "புள்ள பட்ட பாடு போதாதா, பேரை வெச்சு வேற வதைக்கணுமா?" என்றாளாம். மற்றபடி அவனோடு பேச்சு இல்லை. சூப்பில் உப்பு குறைவு என்பதைக்கூட லோரேதானா வழியாகத்தான் அவனிடம் சொல்லியனுப்புகிறாள்.

விருந்தில் லோரேதானா பசியில் மயங்குகிற நிலையில் இருந்தாள். யாரையும் கேட்காமல் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, முட்டைக்கோஸ் சுருட்டலை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சூடாக, கனமாக இருந்தது. அப்புறம் நனைந்தும் விட்டது. என் ஒரே பட்டுச் சட்டை.

எதிரில் லோரேதானாவின் ஊர்க்காரக் கிழவர் ஒருவர், பிளம் சாராயத்தில் மிதந்துகொண்டு, "நீங்க கொழந்தைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

மேஜையே என் பக்கம் திரும்பியது. திபி தட்டைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன்.

"அவ என் மருமக" என்றாள் அத்தை, கப்பல் தளத்துக் குரலில்.

"அப்ப இந்தப் பொண்ணு?"

"இதுவும்தான். ஏன்? எங்க கிரேனுக்கே ரெண்டு கொக்கி இருந்துச்சு."

லோரேதானாவுக்கு வாய் நிறையச் சுருட்டலோடு சிரித்துப் புரையேறிவிட்டது. நான் ஒரு கையால் அவள் முதுகைத் தட்டினேன். மற்றக் கையை எடுக்கவில்லை. குழந்தை தூங்கிப்போயிருந்தது.