ஜெயக்கொடி பேசிய ‘சாவி’

உசிலம்பட்டி,
18-11-1979

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு அப்பா நல்லகாமன் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம். விடுதிச் சோறு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் இவளுக்குக் கவலை.

திருச்சி வானொலியில் நீ பேசியதைக் கேட்டோம். நம் வீட்டு ரேடியோ கரகரத்ததால் பேயாண்டி டீக்கடைக்கே போய்விட்டோம். ‘சாவி’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசிவிட்டாய்! பூட்டைத் திறக்கும் சாவி போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்த சொல் என்றாய். “அப்ப அதுக்கு முந்தி வீட்டத் தொறந்தா போட்டுருந்தோம்?” என்று பேயாண்டி கேட்டான். அதற்குள் நீ திறவுகோலைச் சொல்லி அவன் வாயை அடைத்துவிட்டாய்.

மணி பிடிக்காமல் காய்ந்துபோன கதிரையும் சாவி என்கிறோமே, அது வேறு சொல், சாவதிலிருந்து பிறந்த நம் சொந்தச் சொல் என்றாய். அதை உனக்குச் சொன்னது உன் தாயார் இருளாயி என்று நீ சொன்னதும் கடையே திரும்பி இவளைப் பார்த்தது. “எம்பேரையுமா சொல்லிப்புட்டா கழுதை” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மாயக்காள் அத்தை வந்தாள். ரேடியோவில் பேசியது தன் மருமகள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். படித்தது போதும், தை பிறந்ததும் தன் மகன் முத்திருளனுக்கு உன்னை முடித்துவிடலாம் என்றாள். ஆராய்ச்சிப் படிப்பில் உனக்கு இடம் கிடைத்திருப்பதைச் சொன்னேன். அது முடியும்வரை காத்திருக்க முடியாது என்றாள். நீ தொட்டிலில் கிடந்தபோது நானே கொடுத்த வாக்கு, தாயி. ஆனாலும் “எம்மக படிக்கட்டும், நீ வேற எடம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா போட்டு வைத்த சோற்றைத் தொடாமலே அத்தை எழுந்து போய்விட்டாள்.

இதற்காக நீ கலங்காதே. கூடப் பிறந்தவள், என்றைக்காவது ஒருநாள் பேசுவாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தப் பொங்கலுக்கு நீ ஊருக்கு வர வேண்டாம். உன்னைப் பார்த்தால் அத்தை அழுவாள். அவள் அழுதால் நான் சொன்ன சொல்லை மாற்றிவிடுவேன். அங்கேயே இருந்து படி, ஆத்தா. நன்றாக இரு.

உன் அப்பா,
நல்லகாமன்