நெடுந்தீவிலிருந்து சேர்வருக்கு

மார்ச் 9, திங்கள்

வெயில். காற்று அறவே இல்லை. வாடை ஓய்ந்துவிட்டது, சோளகக் காற்று இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. கடல் தட்டையாகக் கிடக்கிறது.

நண்டு அளவெடுப்பு முடிந்தது. கடைசிக் கூடை அண்ணையின் வள்ளத்தில் வந்தது. வலையிலிருந்து கழற்றியவுடன், நண்டு வாங்குகிற கொம்பனிக்கென்று பெரியதைப் பொறுக்க முன்னமே, பெரிது சிறிது எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அண்ணைக்கு எரிச்சல். "நீ ஒரு நண்டை அளந்து முடிக்க நான் ஒரு வலை கழட்டியிடுவன்." கழற்றட்டும்.

இனி மிச்ச வேலை கொழும்புக் கடற்றொழில் அலுவலகத்துச் சேர்வரில். எல்லாத் தீவுகளின் அளவுகளும் அங்கேதான். வெளியே எடுக்க அனுமதி இல்லை. என் லப்டொப்பில் இருக்கிற புள்ளிவிபர மென்பொருள் அந்தச் சேர்வரோடு இணைய வேண்டும். புது அளவுகளை ஏற்ற வேண்டும். கணக்கு அங்கே ஓடும், விடை மட்டும் இங்கே வரும். "கொழும்புக்கு வந்து செய்யுங்கள்" என்றார் மடம் (என் மேலதிகாரி). இங்கிருந்தே செய்வேன் என்றேன். நம்பவில்லை. "வெள்ளி நாலு மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

விஷயத்தை எழுதி வைக்கிறேன், எனக்கே தெளிவாக இருக்கட்டும். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இரண்டு மாதம் தீவுகளின் கரைக்கடலில் நண்டு வலை போடக் கூடாது என்று ஒரு யோசனை. நண்டுகள் ஒரு தடவையாவது சினைப்பட முன்னமே பிடிபடுகின்றனவாம். நெடுந்தீவு மீனவர் சங்கம் மறுத்துவிட்டது. எங்கள் நண்டு பெரிய நண்டு, மற்றத் தீவுகளோடு சேர்த்துக் குழைக்காதீர்கள் என்று. சங்கத் தலைவர் அண்ணைதான். ஆகவே நெடுந்தீவுக்குத் தனிக் கணக்கு. அது வெள்ளிக்குள் வராவிட்டால் இந்த வருடம் எங்களைத் தடையிலிருந்து விட்டுவிடுவார்கள், வருகிற வருடம் திரும்பவும் தொடங்குவார்கள். சனி காலை சங்கக் கூட்டம்.

அண்ணை: "வராட்டி விடுறாங்கள் எண்டால் பிறகேன் உந்தப் பாடு?"

"ஒரேயடியா வாயை அடைக்கலாம் அண்ணை. பிறகு வருஷா வருஷம் வந்து கேக்க மாட்டினம்."

அது பிடித்துக்கொண்டது அவருக்கு. கணக்கைக் கூட்டத்தில் தானே வாசிப்பாராம்.

தலைவரின் தங்கச்சி கணக்குப் பார்ப்பது சரியா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டாராம். "கணக்குப் பார்க்கிறது சேர்வர்" என்றாராம் மடம். மடத்தை எனக்குப் பிடிக்கும்.

விடை எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். இறங்குதுறையில் குவிந்து கிடக்கும் பெரிய நண்டுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

பின்னேரம் முதல் முயற்சி.
சேர்வர் பெயர் – சரி.
போர்ட் இலக்கம் – சரி.
பெயர், பாஸ்வேர்ட் – சரி.
பதில் – பதிப்பு பொருந்தவில்லை.

சேர்வரைப் பராமரிக்கிற நிரோஷனுக்குப் போன். "மிஸ், போன மாசம் சேர்வரில புதுப் பதிப்புப் போட்டோம். உங்ககிட்ட இருக்கிறது பழசு. புதுசு இறக்குங்க." இறக்கத் தொடங்கினேன். சிம் போட்ட வைஃபை டொங்கிளின் வேகத்துக்கு அது இறங்கி முடிய நண்டுகள் பேரப்பிள்ளை கண்டுவிடும். நிறுத்திவிட்டேன்.

நான் படுக்கிற அறையில் பாதி அண்ணையின் புது வலை. உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு இறக்க வாங்கியது. நைலோன் மணம். தும்மல்.


மார்ச் 10, செவ்வாய்

அதே வெயில்.

வழி பிறந்தது. மச்சாளின் (அண்ணையின் மனைவி) தங்கச்சி பற்றிமா ரீச்சர். கரம்பொன்னிலிருந்து தினமும் படகேறி வந்து இங்கே படிப்பிக்கிறார். அவர் வீட்டில் நல்ல இணைப்பு. இரவு இறக்கி நாளை கொண்டு வருவார். ரீச்சருக்கு அனுப்பிய செய்தி, அப்படியே:

பாண் 2
பச்சை மிளகாய்
சேர்வருக்கு ஏற்ற புதுப் பதிப்பு (பென்டிரைவில்)
தலைவலி மாத்திரை

மாத்திரை மச்சாளுக்கு. நான் அவரின் தையல் மெசின் மேசையைப் பிடித்துக்கொண்டதால் வந்த தலைவலியாம். "உன்ர நண்டுக்கணக்கு முடியுமட்டும் என்ர சட்டை தைபடாது என்ன?" என்றார். முடியும் மச்சாள், வெள்ளிக்குள்.

பகல் முழுக்க, சேர்வருக்குக் கொடுக்க வேண்டிய கட்டளைகளை வரி வரியாகச் சரிபார்த்தேன். சுத்தம். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். மச்சாள் அந்தோனியார் கோயிலுக்குப் போனார், நான் போகவில்லை. அந்தோனியார் கோவிக்க மாட்டார்.


மார்ச் 11, புதன்

மென்பொருள் படகில் வந்தது. பொலித்தீனில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பாணுக்கு நடுவில். "தூவானம் அடிச்சாலும் எண்டு பாணுக்குள்ள வைச்சு வந்தனான்" என்றார் ரீச்சர். கடலில் ஒரு திவலை இல்லை இன்று. ஆனாலும் அந்தக் கவனத்துக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. லப்டொப்பில் பாண் துகள்.

பதிவாகிவிட்டது. பதிப்பு இப்போது பொருந்துகிறது.

அடுத்தது சிக்னல். சிக்னல் கோடு அதிகம் விழுகிற இடமே நல்ல இடம், இது இந்த ஊர்ச் சட்டம். எங்கள் வீட்டில் அது கூரையின் மேற்குப் பக்கம். அண்ணை ஏறி டொங்கிளை ஒரு தடியில் வைத்துக் கட்டினார். முழுக் கோடும்! கீழே நின்று கை தட்டினேன்.

இணைத்தேன். "சேர்வரைக் காணவில்லை."
மறுபடி. காணவில்லை.
லப்டொப்பை நிறுத்தித் திரும்பப் போட்டேன். காணவில்லை.

நிரோஷன்: "சேர்வர் நல்லாத்தான் இருக்கு மிஸ். உங்க பக்கம்தான் ஏதோ."

"என்ர பக்கம் முழுக் கோடும் இருக்கு!" கத்திவிட்டேன். பதிப்பை மாற்றியதைச் சொல்லாதவர் வேறு என்னென்ன சொல்லவில்லையோ என்றும் கேட்டேன்.

பின்னேரம் வரை போராட்டம். அண்ணை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கிடைக்காட்டி விடன் பிள்ளை. எங்களுக்கு நட்டமில்லை." விட மாட்டேன். எங்கோ ஏதோ ஒரு ஆணி கழன்றிருக்கிறது. தேடினால் அகப்படும்.


மார்ச் 12, வியாழன்

அகப்பட்டது!!

காலை குசினியில் மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மேற்கு யன்னலில் அவர் போன். செய்தி வந்த சத்தம். பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தியாவுக்கு நல்வரவாம். நான் இங்க தேங்காயோட நிக்கிறன்."

இங்கே எல்லோருக்கும் வரும் செய்திதான். கடல் இப்படித் தட்டையாகக் கிடக்கிற நாட்களில் அக்கரை டவர் இங்கே வரை எட்டும். வந்தால் அழித்துவிடுவோம். நானும் எத்தனையோ தரம் அழித்திருக்கிறேன். இன்று மட்டும் கையில் பிடித்த தேநீரோடு அப்படியே நின்றேன்.

ஓடிப் போய் டொங்கிளின் அமைப்பைத் திறந்து பார்த்தால், நேற்று முழுக்க அது பிடித்து வைத்திருந்தது இந்திய வலையமைப்பை. நான் கை தட்டிய அத்தனை கோடும் அக்கரையுடையது. என் சிம்முக்கு வெளிநாட்டில் இணையம் இல்லை. கோடு இருக்கும், ஒரு சொல் போகாது. படித்த பெண், நான்.

1. வலையமைப்பைத் தானாகத் தேட விடவில்லை, எங்களுடையதை நானே தெரிவு செய்தேன்.
2. கூரையை விட்டு இறக்கினேன்.
3. வீட்டைச் சுற்றி நடை. கிணற்றடி – ஒன்றுமில்லை. மாமரம் – ஒரு கோடு, விட்டு விட்டு. கிழக்குப் பக்கம், ஆட்டுக்கொட்டிலுக்கு அருகே கல்மதில் – இரண்டு கோடு. அசையாமல்.

மதில் மேல் டொங்கிள், கொட்டில் வாசலில் கதிரை, மடியில் லப்டொப். ஆட்டு மணத்தில் உலகமே மங்கலாகத் தெரிகிறது. இணைத்தேன். சுற்றியது, சுற்றியது.

"இணைக்கப்பட்டது."

நான் போட்ட சத்தத்தில் ஆடுகள் கயிற்றை இழுத்தன. மச்சாள் அகப்பையோடு ஓடி வந்தார். "பாம்போ?" "இல்லை மச்சாள், சேர்வர்!"

நிரோஷனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மிஸ். ஆட்டுக்கொட்டில்ல இருந்து கனெக்ட் பண்ணின முதல் ஆள் நீங்கதான்" என்றார். நல்ல மனுசன்.

புது அளவுகள் எல்லாம் ஏறிவிட்டன. பின்னேரம் அவர்கள் சேர்வரை நகலெடுப்புக்கு நிறுத்துவார்கள், ஆகவே கணக்கு நாளை காலை.

அண்ணையிடம் சொன்னேன். வெற்றிலை போட்ட வாயோடு சிரித்தார். "அப்ப கூட்டத்துக்கு வெள்ளைச் சேட்டு எடுத்து வைக்க வேணும்."


மார்ச் 13, வெள்ளி

கொட்டிலில் காலையிலேயே இடம் பிடித்தேன். இரண்டு கோடு. இணைந்தது. கட்டளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு தரமும் அறுபடவில்லை. எனக்கு நல்ல பெருமை.

விடை வந்தது.

நெடுந்தீவு நண்டு பெரிய நண்டு இல்லை. சினைப்பட முன்னமே பிடிபடுவது இங்கேதான் ஆக அதிகம். மற்றத் தீவுகள் எங்களை விட மேல்.

ஏற்றியதில் பிழையோ? தீவுகளின் குறியீடு மாறிவிட்டதோ? பார்த்தேன். இல்லை. மறுபடி ஓட்டினேன். அதே.

பிறகுதான் உறைத்தது. இறங்குதுறையில் நான் பார்த்து வளர்ந்த குவியல் கொம்பனிக்குப் பொறுக்கிய குவியல். சிறியது கறிச்சட்டிக்கும் கருவாட்டுப் பாய்க்கும் போய்விடும். அவற்றையும் சேர்த்து அளந்தது இந்த முறைதான். அளந்தவள் நானேதான்.

அழுகை வந்தது. மதியம் சாப்பிடவில்லை. நண்டுக்கறி, அதுவும். அறைக்குப் போக மனமில்லை, அங்கே புது வலை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். இணைப்புக் கிடைக்கவில்லை என்று மடத்துக்கு ஒரு செய்தி. அவ்வளவுதான் தேவை. நெடுந்தீவு என்றால் ஆரும் நம்புவார்கள். இங்கிருந்து முடியாது என்று மடம் திங்களே நினைத்துவிட்டார். நிரோஷன் சேர்வரின் பதிவைத் திறந்து பார்த்தால் தெரியும், பார்க்க மாட்டார். அந்தச் செய்தியை அடித்தும் வைத்தேன்.

மூன்று மணி போல அண்ணை வந்தார். கொட்டில் வாசலில் குந்தினார்.

"என்னவாம்?"

"மூட வேணும் அண்ணை. எங்கட கடல்தான் எல்லாத்திலயும் மோசம்."

"வடிவாப் பாத்தனியோ?"

"ரெண்டு தரம்."

ஆடு அவர் சாரத்தைச் சப்பியது, தட்டிவிடவில்லை.

"அனுப்பியிட்டியோ?"

"இன்னும் இல்லை."

எழும்பினார். மதில் மேலிருந்த டொங்கிளைக் கையில் எடுத்தார். லப்டொப்பில் இணைப்பு அறுந்தது.

"இதைக் கூரைக்குக் கொண்டு போனா ஒண்டும் போகாது என்ன?"

"ஓம்."

"ஆரும் ஒண்டும் கேக்க ஏலாது."

"ஏலாது அண்ணை."

டொங்கிளோடு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். கூரைக்குச் சாத்திய ஏணி இன்னும் அங்கேதான் நின்றது. அவர் ஏணிக்குப் போகவில்லை, அறைக்குள் போனார். புது வலையை இழுத்துச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம். பிறகு திரும்பி வந்து டொங்கிளை மதிலில் அதே இடத்தில் வைத்தார். சரியாதபடிக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தார்.

"அந்தப் பொடி நண்டெல்லாம் என்ர கையாலதான் கழட்டினனான். எனக்குத் தெரியாமலோ?" என்றார். "நீ அனுப்பு. நாளைக்கு வாசிக்கிறது நான்தான். நீ வாசிச்சா கொழும்பு சொல்லுது எண்டுவாங்கள்."

"அடிக்க வருவாங்கள் அண்ணை."

"வரட்டும். வெள்ளைச் சேட்டு வேண்டாம் எண்டு மச்சாளிட்டச் சொல்லு."

அடித்து வைத்திருந்த செய்தியை அழித்தேன். மடத்துக்குப் புதுச் செய்தியில் கணக்கை இணைத்தேன். அண்ணை மதிலைப் பிடித்துக்கொண்டு டொங்கிளையே பார்த்து நின்றார்.

இரண்டு கோடு. கணக்குப் போய்விட்டது.