காற்று மட்டும் வந்த மூன்றாம் கட்டை

அன்றைக்கு அந்த மாதர் சங்க மேடையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஹார்மோனியப் பெட்டியோடு நடுவில் ராஜாமணி. அவளுக்கு வலப்பக்கம் அவள் நாத்தனார் சரோஜா. இடப்பக்கம் உறையூர் புடவைக் கடைக்காரர் மனைவி மங்களம், அவளை ஒட்டி நம்ம பொன்மலை ரயில்வே லைன் வீட்டு ஜெயம். ஓரத்தில் நீ. உனக்குப் பின்னால் தம்பூராவோடு நான். எண்ணிப் பார், ஆறுதான். ஆனால் அன்றைக்கு அங்கே ஏழாவதாக ஒரு குரல் கேட்டது. அது உனக்கும் எனக்கும்தான் நன்றாகத் தெரியும்.

அந்த ஏழாவது குரல் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்டில் மறுபடி கேட்டது.

என் மருமகள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பாட்டு கற்றுக்கொள்கிறாள். கையடக்கமாக ஒரு மெஷின் வைத்திருக்கிறாள். திருகைத் திருப்பினால் எந்தச் சுருதி, எந்தக் கட்டையில் வேண்டுமோ அந்தக் கட்டையில் தம்பூரா மாதிரி ஓடும். நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் குரல் ஒரு மாதிரியாக வந்தது.

"அத்தை, கொஞ்சம் இங்க வாங்களேன். உங்க தம்பூரா தானா பேசுது."

போய்ப் பார்த்தேன். மூலையில், காக்கி உறைக்குள், உன் தம்பூரா நின்றபடியே முனகிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திய பிறகும் நாலு மூச்சு நேரம் முனகிவிட்டுத்தான் அடங்கியது. ஐந்து கட்டையில் வைக்கச் சொன்னேன், சத்தமில்லை. நாலில் வைத்தாள், இல்லை. மூன்றில் வைத்ததும் உறைக்குள் எழுந்துவிட்டது.

பக்கத்தில் ஒரு சுருதி ஓடினால் அதே சுருதியில் இருக்கிற கம்பி தானாக அதிரும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதனால் அது பேசியதற்கு நான் பயப்படவில்லை. பயந்தது வேறொன்றுக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன். உறையை அவிழ்த்தபோது பழைய துணியும் கற்பூரமும் கலந்த வாடை வந்தது. உன் வீட்டு அலமாரி வாடை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு.

குழாயடியில்தான் நமக்குப் பழக்கம். ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஆம்பளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் குடத்தோடு வரிசையில் நிற்போம். குடம் நிரம்ப நிரம்ப அதன் சத்தம் ஏறும். நீ குனிந்து காது வைத்துக் கேட்பாய். பாதி நிரம்பும்போதே என் கையைத் தட்டி, "நிறுத்துடி, இதுதான் நான்" என்பாய், உன் சுருதி வந்துவிட்டதென்று. அரைக்குடத்தோடு கிளம்புவாய். "இந்த அரைக்குடத்துக்கா இவ்வளவு நேரம் நின்னா இவ?" என்று ஜெயம் சிரிப்பாள். வீட்டுக்குப் போய் அந்தக் குடத்தின் வாயில் முகத்தை வைத்துப் பாடுவாய். கழுத்து நரம்பு ஒன்றுகூடப் புடைக்காது. வயிறு மட்டும் அசையும். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவள், சங்கீதம் என்ன தெரியும்? ஆனால் உன் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று நடுங்கியது எனக்குத் தெரியும்.

குளித்தலையிலிருந்து நீ சீராகக் கொண்டுவந்தது அந்தத் தம்பூரா ஒன்றுதான். எனக்குக் குரல் கிடையாது, மீட்டக் கை உண்டு என்று நீயே முடிவு கட்டி என் மடியில் சாய்த்தாய். கம்பியை முறுக்கும் பிரடையைத் திருகக் கற்றுக்கொடுத்தாய். ஒரு நாள் நாலு கம்பியும் சரியாகச் சேர்ந்தபோது மேலே எங்கோ ஒரு பெண் குரல் மெல்லியதாக ஒரே ஸ்வரத்தை இழுத்தது. நான் மீட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீ சிரித்தாய்.

"யாரும் இல்லடி. அது காந்தாரம். எந்தக் கம்பியிலயும் நாம வைக்கல. நாலும் பொய் சொல்லாம சேர்ந்தா அஞ்சாவதா அவ வருவா. கூப்பிடக் கூடாது. அவளா வரணும்."

சாயங்காலம் வரை எனக்கு முதுகு சில்லிட்டிருந்தது.

ராஜாமணி ஸ்ரீரங்கத்தில் இருந்தாள். மாதர் சங்கத்தில் பாட்டுக்கு அவள்தான் தலைவி. சென்னையிலிருந்து அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்த ஹார்மோனியம் ஒன்று இருந்தது. வெல்வெட் துணி போட்டு மூடி வைத்திருப்பாள். அதை அவளைத் தவிர யாரும் தொடக் கூடாது. ஆண்டு விழாவில் ஆறு பேரும் சேர்ந்து பாட வேண்டும் என்று அவள்தான் கூப்பிட்டாள். முதல் நாளே உன் குரலைக் கேட்டுவிட்டு, எந்தக் கட்டை என்றாள். நீ மூன்று என்றாய்.

"மூணா? பொம்பளைங்கன்னா அஞ்சரைங்க. மூணுல பாடினா ஆம்பளைக் குரல்னு சபையில சிரிப்பாங்க."

மங்களம் சிரித்தாள். "எனக்கே எட்டுதுங்க. இவங்களுக்கு எட்டாதா?" உன் முகம் செத்துவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் நீ சொன்னதை வார்த்தை பிசகாமல் வைத்திருக்கிறேன். உன் அப்பாவுக்குக் கட்டைக் கணக்கே தெரியாதாம். தொண்டை எங்கே உட்காருகிறதோ அங்கே தம்பூராவைச் சேர்த்துக்கொள்வாராம். பெட்டி வந்த பிறகுதான் அதன் கட்டைகளை எண்ணி ஒன்று, இரண்டு என்று ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்களாம். "பெட்டியில பன்னெண்டு ஸ்வரத்துக்கும் சமமாப் பங்கு வெச்சிருக்காங்க. அதனால எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பொய். அதோட காந்தாரத்தைக் கேளு, தூக்கலா இருக்கும். நம்ம தம்பூராவுல வர்றவ அங்க வர மாட்டா." அப்படிச் சொன்னவள், அடுத்த வாரமே அஞ்சரைக்கு ஒத்துக்கொண்டாய். மேடை ஏற வேண்டும் என்று உனக்கு அவ்வளவு ஆசை. கல்யாணத்துக்குப் பிறகு உனக்கென்று நீ கேட்டது அது ஒன்றுதான்.

நாற்பது நாள் போனோம். பொன்மலையிலிருந்து சத்திரம், சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம். மடியில் தம்பூராவைப் பார்த்துவிட்டு கண்டக்டர், "இந்தம்மாவுக்கும் ஒரு டிக்கெட் போட்ரவா?" என்று தினமும் கேட்பான். தினமும் நீ சிரிப்பாய். பழைய கம்பிகள் அஞ்சரைக்கு ஏறவில்லை. நான் முறுக்கும்போது ஒன்று அறுந்து என் விரலைக் கிழித்தது. மெல்லிய கம்பி வாங்கி மாற்றினோம். முறுக்கியது என் கைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த நாற்பது நாளில் ஒரு நாளும் அவள் வரவில்லை. பெட்டி ஓடும்போது அவள் வரமாட்டாள் என்று நீ ஏற்கெனவே சொல்லியிருந்தாய். நீ குடத்தில் பாடுவதையும் விட்டுவிட்டாய். உன் கழுத்தில் நரம்பு கயிறு மாதிரி எழுந்து நின்றது. மிளகும் பனங்கற்கண்டும் வாயில் ஒதுக்கிக்கொண்டே இருந்தாய்.

விழா அன்று இரண்டாவது பாட்டில், மேலே ஏறிய இடத்தில், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. உன் வாய் திறந்தே இருந்தது. காற்று மட்டும் வந்தது. சரோஜா நிறுத்தினாள், மங்களம் நிறுத்தினாள், ராஜாமணி துருத்தியிலிருந்து கையை எடுத்தாள். பயத்தில் என் விரலும் நின்றுபோனது. அந்தக் கூடம் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்தபோது மேலே எங்கோ அந்தப் பெண் குரல் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. நாற்பது நாளாக வராதவள் அப்போது வந்தாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். நானும் பார்த்தேன். உத்தரத்தில் ஒன்றுமில்லை.

உன்னைத் தண்ணீர் குடிக்கவைக்க எல்லோரும் உள்ளே கூட்டிப்போனார்கள். நான் சாமான்களுக்குக் காவல். பெட்டி திறந்து கிடந்தது. என்ன நினைத்தேனோ, துருத்தியை ஒரு அழுத்து அழுத்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றாவது வெள்ளைக் கட்டையில் விரல் வைத்தேன். உன் கட்டை. சத்தம் வரவில்லை. வெறும் காற்று வந்தது. ஸ்ஸ் என்று, உன் திறந்த வாயிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்தது மாதிரியே. கையை நெருப்பில் வைத்தவள் மாதிரி எடுத்தேன். நிமிர்ந்தால் ராஜாமணி நிற்கிறாள். அவசரமாக வெல்வெட்டைப் போட்டு மூடினாள்.

"அது வாங்கினதிலேருந்தே பேசாதுங்க."

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மூன்றில் பாடினால் அந்தக் கட்டைதான் ஸட்ஜம், அது இல்லாமல் ஒரு வரிகூட வாசிக்க முடியாது. அஞ்சரையில் பாடினால் பல ராகத்துக்கு அந்தக் கட்டை தேவையே படாது. தேவைப்படுகிற ராகம் எதையும் அவள் எடுத்ததே இல்லை. அண்ணன் கொடுத்த பெட்டியில் ஒரு கட்டை ஊமை என்று வெளியே தெரியக் கூடாது. அதற்காக ஒரு சட்டம் போட்டாள், பொம்பளை என்றால் அஞ்சரை என்று.

உனக்குப் பேச்சு கரகரவென்று திரும்பியது. பாட்டு திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் இருக்கச் சொன்னார்கள். நீ பேசாமல் இருந்தாய். ஒரு நாள் மத்தியானம் உன் வீட்டுப் பக்கம் வந்தேன். உள்ளே குரல் கேட்டது. தாழ்ந்த, உருண்டையான குரல், உன் பழைய குரல். சந்தோஷத்தில் ஓடிவந்தேன். நீ குடத்தின் வாயில் உதட்டை வைத்து ஊதிக்கொண்டிருந்தாய். உன்னிடமிருந்து வந்தது காற்றுதான். பாடியது குடம். நான் நிற்பதைப் பார்த்தும் நீ நிறுத்தவில்லை.

அன்றைக்குத்தான் உன்னிடம் சொன்னேன், உன் தொண்டையில் குறையில்லை, அவள் பெட்டியில்தான் குறை என்று. நீ நம்பவில்லை. கண்ணால் பார்த்தால் நம்புவாய் என்று, ஜெயத்திடம் மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் உன்னை இழுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். ராஜாமணி காபி கொடுத்தாள், பெட்டியைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்தாள், தானே துருத்தியைப் பிடித்தாள். என்னைப் பார்த்து, "நீங்களே அமுக்குங்க" என்றாள். மூன்றாவது கட்டையை அமுக்கினேன். கணீரென்று பேசியது.

நான் திரும்பத் திரும்ப அமுக்கினேன். அது திரும்பத் திரும்பப் பேசியது. சரோஜா வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ ராஜாமணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் இன்னும் கீழே வைக்கவில்லை. பஸ்ஸில் காவிரிப் பக்கம் பார்த்துக்கொண்டு கரகரத்த குரலில் சொன்னாய்: "உனக்கு ஏன்டி அவங்க மேல இவ்வளவு காட்டம்? என் தொண்டைதான் ஊனம். விடு."

அதன் பிறகு நீ என் வீட்டுக்கு வரவில்லை. குழாயடியில் முழுக்குடம் பிடித்துக்கொண்டு போனாய். மூன்றாவது வருஷம் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டாய்.

காரியம் முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்காரர் தம்பூராவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணைப் பார்த்துப் பேசாத மனுஷன். "இதை நீங்க வெச்சுக்கங்க. மத்தியானத்துல பேசுது. என்னால வீட்டுல இருக்க முடியல" என்றார். நீ கொடுக்கச் சொன்னாயா என்று கேட்டேன். சைக்கிளைத் திருப்பினார். உறையை அவிழ்த்து ஒரு தரம் மீட்டினேன். அஞ்சரையில் கத்தியது, நான் முறுக்கிய அதே அஞ்சரை. மூடி வைத்துவிட்டேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் சரோஜா என்னை நிறுத்தினாள். அழுதாள். நாம் போவதற்கு முதல் நாள் பெட்டி ரிப்பேர்காரன் வந்து அந்த ஊமைக் கட்டைக்கு ரீட் மாற்றிவிட்டுப் போனதாகச் சொன்னாள். நாம் வரப்போகிற விஷயத்தை ஜெயம் வாய்தவறி ராஜாமணியிடம் சொல்லியிருந்தாளாம். "அண்ணி யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள். கேட்க வேண்டிய நீ போய் ஒரு மாசம் கழித்து.

இப்போது நான் பயந்தது எதற்கு என்று சொல்கிறேன். நீ போன பிறகு அந்தப் பிரடைகளை யாரும் தொட்டதில்லை. வீடு மாறினோம், தம்பூராவும் உறையோடு மாறியது. கம்பி தளரும். வெயிலுக்கும் மழைக்கும் மரம் அசையும், அது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கம்பியும் அதது இஷ்டத்துக்குத்தானே தளர வேண்டும்? செவ்வாய்க்கிழமை உறையை அவிழ்த்து, மருமகளை மெஷினை அணைக்கச் சொல்லிவிட்டு, பழைய வழக்கப்படி மடியில் சாய்த்து மீட்டினேன். நாலு கம்பியும் சேர்ந்தே இறங்கியிருந்தன. அஞ்சரையிலிருந்து மூன்றுக்கு. ஒரு நூல் பிசகில்லை. மீட்டிய மூன்றாவது சுற்றில் மேலே அவள் வந்துவிட்டாள். மருமகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரு அத்தை அது?" என்றாள்.

யாரென்று சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. நீ சொன்னபடியே.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மீட்டுகிறேன். பிரடையில் கை வைப்பதில்லை. நீ என்னை நம்பிவிட்டாய் என்று எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் ஒரு கம்பியைத் தளர்த்திக் காட்டு, தெரிந்துகொள்கிறேன். இதுவரை தளரவில்லை. விரலில் அந்தக் கம்பி கிழித்த தழும்பு இருக்கிறது, மழைக்காலத்தில் வலிக்கும். அதையும் வைத்திருக்கிறேன்.

சிரித்த மங்களத்தை மன்னித்துவிட்டேன். வாய்தவறிய ஜெயத்தை மன்னித்தேன். காலம் தாழ்த்திச் சொன்ன சரோஜாவை, அவள் அழுத அழுகைக்காக மன்னித்தேன். முறுக்கிய என் கையைக்கூட, உன் நாலு கம்பியும் தானாக இறங்கி வந்த பிறகு, ஒரு மாதிரி மன்னித்துவிட்டேன். உன் குரலை எடுத்ததோடு நிற்காமல், குறை உன்னிடம்தான் என்று நீ நம்பியபடியே போகவிட்டவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் செத்த செய்தி வந்த அன்று நான் தலை முழுகவில்லை, போய்ப் பார்க்கவும் இல்லை. மேலே உன்னை எங்காவது பார்த்து அவள் மன்னிப்புக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் குணம் அது. என்னிடம் கிடைக்காது என்று அவளிடம் சொல்லிவிடு. ராஜாமணியிடம்.