சிம்பல் தட்டோடு கடைசி வரிசையில் நின்றவனுக்கு

நம் பேண்டின் ஐம்பதாம் ஆண்டு மலர் இன்று காலை வந்து சேர்ந்தது. திவ்யா கொண்டுவந்து என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று ஓடினாள். இப்போது செயலாளர் அவள்தான். நீ பேண்டுக்கு வருவதை நிறுத்திய பிறகு, கல்லூரியில் படிக்கும்போதே சாக்ஸபோன் வாசிக்க வந்த பெண். உனக்கு அவளைத் தெரியாது. மலரைப் பிரித்தேன். புது மை வாசனை கடை முழுக்கப் பரவியது.

பதினோராம் பக்கத்தில் நீ இருக்கிறாய். கடற்கரைச் சாலையில் எடுத்த படம். முன்வரிசையில் நான் கிளாரினெட்டோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கடைசி வரிசை வலது ஓரத்தில் இரண்டு கையிலும் சிம்பல் தட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நீ. படத்துக்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். உன் இடத்தில் மட்டும் 'பெயர் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறார்கள்.

உடனே போன் செய்தேன்.

"அங்கிள், அதுல முகமே தெரியல. குரூப்புல போட்டுக் கேட்டேன், யாரும் சொல்லல. நீங்கதான் குரூப்புல இல்லியே."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா."

"சாரி அங்கிள். எல்லாம் அடிச்சு வந்துடுச்சு. பாதி வெளியூருக்கு அனுப்பியும் ஆச்சு."

அவளைச் சொல்லி என்ன பயன்? பேண்டின் வரலாறு என்று நான் எழுதிக்கொடுத்தது எட்டுப் பக்கம். இடமில்லை என்று அதை ஒன்றரைப் பக்கமாக்கிவிட்டார்கள். நீ வருகிற பத்திகள் அத்தனையும் போய்விட்டன. என் பிரதியில் மட்டும் பேனாவை எடுத்து உன் பெயரை எழுதினேன். வழவழப்புத் தாள், மை சரியாக ஒட்டவில்லை. அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. வெட்டிப்போட்டதையெல்லாம் உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பேண்டு மாஸ்டர் ஷெஃப் நம்மைச் சேர்த்துக்கொண்ட நாள் நினைவிருக்கிறதா? பிரெஞ்சு ராணுவத்தில் வாத்தியம் வாசித்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா, பழைய சிப்பாய் அவர். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய ஊதல்களைக் கொண்டுவந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டார். மில் தொழிலாளி வந்தார், கோர்ட்டு குமாஸ்தா வந்தார், மீன் ஏலம் விடுகிற ஒருவர் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்தார். என் அத்தா யூனிஃபார்ம் தைக்க அளவெடுக்கப் போனார், துணைக்குப் போன நான் அங்கேயே தங்கிவிட்டேன். நீ தவளக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வந்தாய். மின்துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாய். முழங்காலில் நாற்றங்கால் சேறு காயாமல் இருந்தது.

ஷெஃப் உன் உதட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பல்லைக் காட்டச் சொன்னார். உனக்கு ட்ரம்பெட் என்றார். என் விரல்களைப் பார்த்து எனக்குக் கிளாரினெட் என்றார். வெளியே வந்ததும் நீ என் காதருகில், "இன்னா பாய், சந்தையில மாடு பாக்குற மாதிரி பாக்குறாரு?" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அன்றிலிருந்து நான் உனக்குப் பாய். என் பெயரை நீ ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

மாதா கோயில் தேருக்கு ஊதினோம். தர்கா கொடியேற்றத்துக்கு ஊதினோம். உங்கள் ஊர் திரௌபதி அம்மன் தீமிதிக்கு ஊதினோம். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாளுக்கு வயதான சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு நடக்க, பின்னால் நாம் நடந்தோம். இந்த ஊரில் யார் வீட்டு விசேஷம் என்று நாம் பார்த்ததில்லை. மலரில் இதை 'மத நல்லிணக்கம்' என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். நமக்கு அப்படியெல்லாம் தோன்றியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊத வேண்டும், அவ்வளவுதான்.

உன் கல்யாண ஊர்வலத்தைப் பற்றி ஒரு பக்கமே எழுதியிருந்தேன். அன்றைக்குப் பார்த்து இன்னொரு ட்ரம்பெட்காரருக்குக் காய்ச்சல். ஷெஃப் எழுதிய மார்ச் பாட்டில் நடுவே ட்ரம்பெட் தனியாக ஊதுகிற இடம் வருமே, அங்கே வந்ததும் பேண்டு தடுமாறியது. மாலையும் கழுத்துமாக ஜீப்பில் உட்கார்ந்திருந்த நீ குதித்து இறங்கி, உன் ட்ரம்பெட்டைச் சுமந்துகொண்டு நடந்த பையன் கையிலிருந்து அதை வாங்கி ஊத ஆரம்பித்துவிட்டாய். மாலை உதிர்ந்து மல்லிப்பூ என் தோள்மேல் விழுந்தது. "மாப்பிள்ளையே ஊதுறாருடோய்!" என்று தெருவே கத்தியது. ஜீப்பில் தனியாக உட்கார்ந்திருந்த செல்வி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். முப்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லிச் சொல்லி உன்னைக் கேலி செய்வார்.

பிறகு அந்த மார்கழி. ஷெஃப் இறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நீ காலையில் எழுந்து வாய் கொப்பளித்திருக்கிறாய், தண்ணீர் இடதுபக்கமாக ஒழுகியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. முகவாதம் என்றார் டாக்டர். முக்கால்வாசிப் பேருக்கு மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார். நீ மிச்சமிருந்த கால்வாசியில் இருந்தாய்.

"பாய், விசில் கூட அடிக்க வரல பாய்" என்று கடை வாசலில் நின்று சொன்னாய். சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை.

மத்தியான வேளையில் கடைக்கு மேலே இருந்த துணி அறையில் பழகிப் பார்த்தோம். நீ ஊதினால் காற்றெல்லாம் இடது கடைவாய் வழியே போய்விடும். உனக்கு இரண்டு கையும் ட்ரம்பெட்டுக்கு வேண்டும். அதனால் நான் பக்கத்தில் நின்று கட்டைவிரலால் உன் கடைவாயை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஸ்வரம் வந்தது. நல்ல ஸ்வரம். உன் கண் விரிந்தது. அடுத்ததற்குப் போவதற்குள் என் விரல் எச்சிலில் வழுக்கியது, புஸ்ஸென்று காற்று. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. சிரிப்பு எந்த நாளில் நின்றது என்று எனக்கு ஞாபகமில்லை.

அதன்பின் நீ ட்ரம்பெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றாய். ஊதாமல் நின்றாய். விரல்கள் மட்டும் மூன்று பொத்தான்களையும் சரியாக அழுத்தும். உனக்குப் பின்னால் நின்று நீ தனியாக ஊதுகிற இடத்தை நான் கிளாரினெட்டில் வாசித்தேன். பேண்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. தெருவில் பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியப்போகிறது? ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது.

ரெட்டியார்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழா. வெயில் கொளுத்திய மதியம். பிள்ளைகள் அணிவகுத்து வர, நாம் ஷெஃப்பின் மார்ச்சை வாசித்தோம். உன் இடம் வருவதற்குச் சற்றுமுன் என் ஊதுவாயில் இருந்த ரீடு பிளந்துவிட்டது. மூங்கில் சில்லு போல அவ்வளவு மெல்லிய பொருள், அது போனால் கிளாரினெட் வெறும் கட்டை. வேறு ரீடு பையில் இருந்தது, பை வேனில் இருந்தது. அந்த இடத்தில் மற்ற எல்லோரும் வழக்கம்போல நிறுத்தினார்கள். டிரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ட்ரம்பெட் உன் உதட்டில், உன் விரல்கள் ஒன்றுவிடாமல் அழுத்திக்கொண்டே இருக்கின்றன, சத்தமில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு பெற்றோர்கள். மேடையில் யாரோ மைக் அணைக்காமலே, "அவரு சும்மா வெச்சுனு நிக்கிறாருபா" என்றார். நீ பாதியில் கீழே இறக்கவில்லை. கடைசிவரை அழுத்தி முடித்தாய். உன் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அப்போது செயலாளர் நான்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பேண்டிடம் நல்ல ட்ரம்பெட் இரண்டே இரண்டு இருந்தன. புதிதாக இரண்டு பேர் சேர்ந்து வாத்தியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். "ஊர் சிரிச்சிடுச்சு. இனிமே எப்படி?" என்றார் தலைவர். உன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செயலாளர் இன்னா சொல்றீங்க?"

மினிட்ஸ் நோட்டு என் முன்னால் திறந்திருந்தது. நான் அதையே பார்த்தேன். ஒன்றரை வருடம் அவனுக்காக வாசித்தது நான்தான், தப்பு என்றால் என்னுடையதும்தான், அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள், இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். "பெரும்பான்ம எப்படியோ அப்படியே" என்றேன். சொல்லிவிட்டு அதையே நோட்டில் எழுதவும் செய்தேன்.

யாரும் கை தூக்குவதற்குமுன் நீ எழுந்தாய். துண்டில் சுற்றிவைத்திருந்த ட்ரம்பெட்டை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாய். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாய். அப்படியென்றால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. "வேற இன்னா இருக்குதோ குடுங்க, அடிக்கிறேன்" என்றாய். சிம்பல் கொடுத்தார்கள். பதினோரு வருடம் கடைசி வரிசையில் நின்று அடித்தாய். ஒரு ஞாயிறு தவறவில்லை. போட்டோ எடுக்கிறார்கள் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

மன்னிப்புக் கேட்கத் தவளக்குப்பம் வந்தேன். எத்தனை முறை வந்தேன் என்பது உனக்கே தெரியும். நான் "அன்னிக்கு மீட்டிங்குல..." என்று ஆரம்பித்தாலே நீ எழுந்துவிடுவாய். "செல்வி, பாய்க்கு எளநீ வெட்டினு வா" என்பாய். இல்லையென்றால் மோட்டார் ஓடுகிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொல்லைக்குப் போய்விடுவாய். கோபப்பட்டிருந்தால்கூட ஏதாவது பேசியிருப்பேன். நீ அதற்கும் இடம் கொடுக்கவில்லை. இளநீரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை, செல்வி போன் செய்தார். "அண்ணா, எழுப்புறேன், எழுந்திரிக்க மாட்டேங்குறாரு." நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பேண்டு அன்றைக்குக் காரைக்காலில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தது. வழியில் எங்கும் திரும்ப முடியாத மழை. உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது வாசிங்க மாமா" என்றான். ஊர்வலத்தில் கிளாரினெட்டை எடுத்து வாயில் வைத்தேன். ஊதினேன். காற்றுதான் வந்தது. இரண்டு தெரு தாண்டும்வரை முயன்றுவிட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கருமாதி அன்று செல்வி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் கூட்டத்துல நீங்க ஏன் ஒண்ணும் பேசல?"

அவர் குரலில் கோபம் இல்லை.

"அவரு ஒரு தடவ கூட இதக் கேக்கல. என்னயும் கேக்கக் கூடாதுன்னாரு. இப்ப அவரு இல்ல, அதான் கேக்குறேன்."

பயம் என்று சொல்லலாமா? யாரைப் பார்த்துப் பயம்? வாரம்தோறும் ஒன்றாக டீ குடிக்கிறவர்களைப் பார்த்தா? டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். செல்வி அதை வாங்கிக்கொண்டு, "ஆறிடுச்சு பாருங்க, வேற எடுத்தாரேன்" என்று உள்ளே போய்விட்டார்.

போன மாதம் மறுபடி அதேபோல ஒரு கூட்டம் நடந்தது. பக்க டிரம் வாசிக்கிற அம்மா ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது, நடக்கும்போது வரிசை தப்புகிறார், அவரை நிறுத்திவிடலாம் என்றார்கள். நான் இப்போது பொறுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுந்தேன். கூடாது என்றேன். உட்கார்ந்து வாசிக்கிற நிகழ்ச்சிகளுக்காவது வரட்டும் என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியாதபடி உயர்ந்துவிட்டது. "பாய், உக்காருங்க, பிரஷர் ஏறிடப்போவுது" என்று ஆளுக்கு ஆள் சமாதானம் சொன்னார்கள். பிறகு கை தூக்கினார்கள். எனக்கு ஆதரவாக என் கை மட்டும்தான்.

அந்த அம்மா டிரம் குச்சிகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருந்தவர், நான் எடுத்து வைத்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க பேசினீங்களே, அது போதும்" என்றார்.

அன்று நான் பேசியிருந்தாலும் ட்ரம்பெட் உன் கையில் இருந்திருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். துண்டைப் பிரித்து அதை மேஜைமேல் வைக்க, அத்தனை பேருக்கு நடுவில் நீ தனியாக எழுந்து வந்திருக்க மாட்டாய், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவு'தான் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டுதான் கொட்டகைக்குப் போகிறேன். வாசிக்கிறேன், வருகிறேன். இறக்கி வைக்க ஆள் இல்லை.