மேகம் இல்லாத நமுனுகுல

இந்தப் போத்தலை நான் நிரப்பவில்லை. ஆனால் அதில் ஒட்டியிருப்பது நீ வரைந்த நமுனுகுல மலை. இணையக் கடை ஒன்றில் கேட்டு நானே வரவழைத்தேன். அது வந்ததிலிருந்து சாப்பாட்டு மேசையில் நிற்கிறது. மரத்தக்காளி ஜாம் என்று எழுதியிருக்கிறது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். பூசணிக்காயும் சீனியும் சாயமும். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "துப்புடி, துப்பு" என்றிருப்பாய்.

என் கணவர் காலமான பிறகு, யார் கையையும் பார்த்திருக்க மனமில்லாமல், கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த காலத்தில் அதன் சமையலறையில் தோழிகளாக நாம் இருவரும் கற்ற ஜாமைக் காய்ச்சி விற்கத் தொடங்கினேன். போத்தலுக்குப் படம் வேண்டும் என்றதும் நீ நமுனுகுலவிலிருந்து பசறை வழியாக பஸ் ஏறி வந்தாய். காகிதம் நனையாமல் குடை உறைக்குள் சுருட்டி வைத்திருந்தாய். பழங்கள் பந்து மாதிரி இருக்கின்றன, முட்டை வடிவில் வேண்டும் என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாவதையும் திருப்பி அனுப்பினேன்.

"இதுலயும் பிழை சொன்னா ஒன்னையும் ஜாமோட சேர்த்துக் கிண்டிருவேன்" என்று மூன்றாவதை நீட்டினாய்.

பழத்தில் பிழையில்லை. ஆனால் மலையின் ஒரு பக்கத்தை மேகம் மூடியிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"என் வாசல்ல நின்னு பார்த்தா அப்படித்தான் தெரியுது. பார்க்காததை நான் வரைய மாட்டேன்."

எல்லவுக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் பிறகு அந்த மேகத்தைக் காட்டித்தான் என் ஜாமைக் கேட்டு வாங்கினார்கள்.

போன மாதம், என் ஜாமை வாங்கி விற்கும் எல்லக் கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அம்மா, ஒங்க ஜாம் தண்ணியாப் போச்சுன்னு ஒருத்தர் ஃபோனக் காட்டி சண்டைக்கு வாறாரு. அதுல பாதி வெலைக்கு விக்கிறீங்களாமே?"

நான் விற்கவில்லை. விற்பது யார் என்று தேடிப் பார்த்தால், உன் மகன்.

மடியில் வைத்து நான் ஜாம் ஊட்டிய பிள்ளை. கொழும்பில் வேலை போய்விட்டதாம். அழைத்ததும் எடுத்தான், தயங்கவில்லை.

"அம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போனது அந்தக் கைவேலை ஒண்ணுதான் பெரியம்மா. அதுல எனக்கு உரிமை இல்லையா?"

"படம் உங்க அம்மாவோடது. ஜாம் யாரோடது?"

"ஜாம் ஒலகத்துல எல்லாரும்தான் காய்ச்சுறாங்க." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல, "அந்த மேகத்த மட்டும் அழிச்சிட்டேன் பெரியம்மா. மலை பளிச்சுன்னு தெரியட்டும்னு" என்றான்.

பதுளையில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். நீ வரைந்த காகிதத்தை மேசையில் விரித்தேன். அவர் அதைத் தொடாமலேயே பேசினார். "பேரையும் நீங்க பதியல்ல, படத்தையும் எழுதி வாங்கல்ல. இந்தக் காகிதம் உங்களோடதும்மா. படம் வரஞ்சவங்களோடது. அவங்களுக்குப் பிறகு மகனோடது."

உன்னிடம் எழுதி வாங்குவதா? பள்ளியில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஒரே மைக்கூட்டில் தொட்டு எழுதியவர்கள் நாம்.

இணையக் கடைக்கு முறைப்பாடு அனுப்பலாம் என்றார் அவருடைய எழுதுவினைஞர். கணினியில் படிவத்தைத் திறந்தார். படத்தை ஆக்கியவர் யார் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது.

"நீங்கதான்னு போட்டுருவோம்மா. யாரு வந்து பார்க்கப் போறா?"

உன் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொல்லி, சரியாக விழுந்திருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

பதில் வந்தது. ஆக்கியவர், அல்லது அவருடைய வாரிசு மட்டுமே முறைப்பாடு செய்யலாமாம். அதாவது, உன் மகன் செய்வதை நிறுத்தச் சொல்லிக் கேட்கக்கூடியவன் உன் மகன் ஒருவன்தான். அவன் கேட்டுமிருக்கிறான், என்னை நிறுத்தச் சொல்லி. அதே இணையக் கடையில் இருந்த என் ஜாமின் பக்கத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். உன் மலையை ஒட்டி விற்றால், வாங்குபவர்கள் கண்ணில் என் ஜாமும் அவனுடையதாகிறது. ஒட்டாவிட்டால் மலை அவனுடையதாகிறது. இரண்டு நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்து யோசித்தும் மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை. அவனை நீதிமன்றப் படியேற்றலாம் என்றார் சட்டத்தரணி. உன் பிள்ளையை நான் எப்படி ஏற்றுவேன்? நீ உயிரோடு இருந்திருந்தால் உன் கையால் ஒரு அறை போதுமாக இருந்திருக்கும்.

நேற்று அவனுடைய போத்தலை வெறுமையாக்கிக் கழுவினேன். அதில் நமுனுகுல முழுவதும் வெயிலில் நிற்கிறது. ஜன்னல் வழியே பார்த்தேன். வெளியே மலை பாதிதான் இருந்தது. அவன் விற்கிற அந்த மலையை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

இன்று காலை படம் இல்லாத போத்தல்களோடு எல்லவுக்குப் போனேன். மடத்தில் பழக்கிய கையெழுத்தில் ஜாமின் பெயரை மட்டும் எழுதி ஒட்டியிருந்தேன். உன் காகிதம் அதே குடை உறைக்குள், என் கையில்.

கடைக்காரர் ஒரு போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்கம்மா இது, மலையக் காணோம்?"

"மேகத்துக்குள்ள இருக்கு" என்றேன்.