உரிமைப் பிரச்சினை வராத படம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் சேனலைப் பார்ப்பவர்கள் லட்சத்தைத் தாண்டிவிட்டார்களாமே. இதைப் போனிலேயே அனுப்பியிருப்பேன். அதையும் படம் பிடித்து 'அக்காவின் கதறல்' என்று போட்டுவிடுவாய் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் பிள்ளை பிடிக்கும் வேன்காரன் என்று ஒரு வீடியோ போட்டாயே, அதிலிருப்பது என் வீட்டுக்காரர், உன் மாமா. எங்கள் குட்டியின் பிறந்தநாளன்று அவளும் அவரும் கைகோத்து வேன் பக்கத்தில் நிற்க, நான் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்ட படம். முகங்களை மட்டும் மங்கலாக்கியிருந்தாய். அந்த மஞ்சள் வேனையும் அதில் ஒட்டிய கிளியையும் இங்கே யாருக்குத் தெரியாது? அவசரத்துக்குப் படம் கிடைக்கவில்லை, வீட்டுப் படம் என்றால் உரிமைப் பிரச்சினை வராது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அடேயப்பா, என்ன சட்ட அறிவு! செய்தி உண்மையா என்று பார்க்கத்தான் துரைக்கு நேரமில்லை.

அவர் ஓட்டும் பள்ளி வேனில் பிள்ளைகளை அனுப்புவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று போலீஸ் சொன்னது, பத்திரிகையிலும் வந்தது. எல்லாம் விலைபோனவர்கள் என்று சிரிக்கிறார் எதிர்வீட்டு டீச்சர். போலீஸ் பொய்யாம், பத்திரிகை பொய்யாம், நான் மூக்கைத் துடைத்துவிட்டு வளர்த்த நீ மட்டும் மெய்யாம். அம்மாகூட, ஏதாவது இருக்குமோடி என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நம் குடும்பத்தை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

இவர் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டான், விடு என்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

நேற்றுக் காலை குட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனார். பள்ளிக்குப் பக்கத்துச் சிக்னலில் நாலு பேர் மறித்து, சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு அடித்திருக்கிறார்கள். இது எங்க அப்பா என்று அவள் கத்தியிருக்கிறாள். மிரட்டிச் சொல்ல வைத்திருக்கிறான் என்றார்களாம். பள்ளி வாட்ச்மேன் ஓடிவந்து விலக்கியதால் உயிரோடு வீடு வந்தார். உதடு கிழிந்திருக்கிறது. இன்று குட்டி வேனில் ஏறவே மாட்டேன் என்கிறாள். நான் ஏறினால் அப்பாவை அடிப்பாங்க என்கிறாள்.

வீடியோவை எடுத்துவிடு. மன்னிப்பெல்லாம் உன் வாயில் வராது, தெரியும். படத்தில் இருப்பது அவர் பெற்ற மகள் என்று ஒரே ஒரு வரி போடு. அவளைப் பெற்ற நான் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை. நீ சொன்னால் நம்புவார்கள்.

நன்றாக இருடா.

உன் அக்கா