ஊசிக்கு விரதம்

1984, ஆடி 20.

மெல்லிய ஊசிக்கு மயங்கி விழுந்தேன். வீட்டில் சொல்லவில்லை. நாலு நாளாக வலது கை மேலே எழவில்லை. நாளைக் காலை ஸ்டியரிங் பிடிக்க முடியாவிட்டால் முதலாளி லாரியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிடுவார்.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் டாக்டரம்மா சீன வைத்தியம் என்று தோளிலும் உச்சந்தலையிலும் முடிபோன்ற ஊசிகளைச் செருகினார். வலிக்கவில்லை, தோள் கனத்தது. அப்புறம் கண் இருட்டியது.

“சாப்பிட்டுத்தானே வரச் சொன்னேன்?”

“மாரியம்மனுக்கு அலகு குத்தறப்ப வெறும் வயித்துலதானுங்க நிப்போம். ஊசின்னதும் வெரதம் இருந்துட்டனுங்க.”

பன்னும் டீயும் தந்து, படுக்கவைத்து மறுபடி குத்தினார்.

வீட்டில் பெண்டாட்டி, “கை எந்திரிக்குதுங்களா?” என்றாள். பயந்திருந்தாள்.

“உனக்குப் பூ வெச்சு உடற அளவுக்கு எந்திரிக்கும் புள்ள” என்று கையைத் தூக்கினேன். மெல்ல மெல்ல என் உச்சந்தலை வரை போனது. டாக்டரம்மா எடுக்க மறந்த ஊசி அங்கே இருந்தது. விரலில் குத்தியது.